வழிகாட்டலும் அறிவுரை பகர்தலும்

பி.எட். படிப்பில் ‘வழிகாட்டலும் அறிவுரை பகர்தலும்’ என்று ஒரு விருப்பப் பாடம் உண்டு. 1994இல் அதை நான் விரும்பி எடுக்கவில்லை. கல்லூரி அலுவலகத்தின் பெரிய கிளார்க் எடுத்துக் கொடுத்தார். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தபடி விண்ணப்பத்தை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: “மக்கள்தொகைக் கல்விக்கு சார் கிடையாது. கல்வித் தொழில்நுட்பத்துக்கு சார் இருக்காரு, புரொஜெக்டர் கிடையாது. நூலகம் எடுத்தியன்னா வருஷம் பூரா புஸ்தகம் அடுக்கணும். உன்னை வழிகாட்டல்ல போட்டுருதேன் தாயீ. போன வருஷத்துப் பிள்ளைக நோட்ஸ் அப்படியே கிடக்கு.”

ரசீது கிழிக்கிற நேரத்தில் என் விருப்பம் முடிவாகிவிட்டது.

நல்ல பாடம்தான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் 1908இல் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர், வேலை தேடும் இளைஞர்களுக்கு வழி சொல்வதற்கென்றே ஓர் அலுவலகம் திறந்தார். முதலில் உன்னைத் தெரிந்துகொள், பிறகு வேலைகளைத் தெரிந்துகொள், கடைசியில் இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவர் கட்சி. பின்னால் வந்த வில்லியம்சன், விஷயம் தெரிந்த ஆலோசகரே முடிவை எடுத்துச் சொல்லலாம் என்றார். கார்ல் ராஜர்ஸோ வந்தவரைப் பேசவிடு, முடிவு அவரிடமிருந்தே வரட்டும் என்றார். இரண்டையும் கலந்து மூன்றாவது முறை ஒன்று. நெறிசார்ந்தது, நெறிசாராதது, சமரசமானது என்று நோட்ஸில் பெயர். பத்து மதிப்பெண் கேள்வி நிச்சயம்.

மூன்றுக்கும் எங்கள் வளாகத்திலேயே உதாரணம் இருந்தது. பெரிய கிளார்க் வில்லியம்சன் மரபு. எங்கள் பேராசிரியர் ராஜர்ஸை நடத்தியதோடு நிற்காமல் அவராகவே வாழ்ந்தார். “சார், எம்.எட். போகலாமா, வேலை தேடலாமா?” என்று கேட்டால், “நீ என்னம்மா நினைக்கிற?” என்பார். எம்.எட். போகலாம் என்று நினைப்பதாகச் சொன்னால், “ம்.” வீட்டில் கல்யாணம் பேசுகிறார்கள் என்றால், அதற்கும் “ம்.” இந்த ‘ம்’களில் எது சம்மதம், எது எச்சரிக்கை என்று பிரித்துச் சொல்ல எங்கள் செட்டில் தனித் திறமைசாலிகள் இருந்தார்கள். சமரச முறைக்கு வாசலில் டீக்கடை அண்ணாச்சி: கொஞ்சம் கேட்பார், நிறையச் சொல்வார், கடைசியில் காசு வாங்கிக்கொள்வார்.

‘சிறந்த அறிவுரையாளரின் பண்புகளை விவரி’ என்ற கேள்விக்குப் பொறுமை, பரிவு, ரகசியம் காத்தல், திறந்த மனம் என்று வரிசையாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். இத்தனையும் ஒருங்கே அமைந்த ஒருவரை அதுவரை பார்த்திருக்கவில்லை என்பது விடைத்தாளுக்குத் தேவைப்படவில்லை.

கிளார்க், பேராசிரியர், டீக்கடை அண்ணாச்சி மூவரும் ஒரே குரலில் சொன்ன அறிவுரை ஒன்று உண்டு: ரிசல்ட் வந்த மறுநாளே எம்ப்ளாய்மெண்டில் பதிந்துவிடு. அன்றைக்கு அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் வேலை பெரும்பாலும் பதிவு மூப்புப்படிதான். முதல் வகுப்பில் தேறியவளும் தட்டுத் தடுமாறித் தேறியவளும் வேலைவாய்ப்பு அலுவலக வராந்தாவில் சமம். யார் முந்தி வந்தார்கள் என்பதே தகுதி. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க மறந்தவர்களின் கதைகள் எங்கள் ஊரில் பேய்க் கதைகளைவிடப் பயத்தோடு சொல்லப்பட்டன. தெருவில் ஓர் அக்காவுக்கு, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த மாதத்தில் ரினிவல் தேதி போயே போய்விட்டது. பிரசவ வலியைச் சிரித்துக்கொண்டே சொல்கிறவர், இதைச் சொல்லும்போது மட்டும் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைப்பார்.

பெண் பார்க்க வந்தவர்கள் நகைக்கு முன்பாகப் பதிவு வருஷத்தைக் கேட்டார்கள். “எங்க பிள்ளைக்கு நாப்பது வயசுல கவர்மெண்ட் வேலை கேரண்டி” என்று என் மாமா சபையில் சொன்னார். மாப்பிள்ளை வீட்டாரும் தலையாட்டி மகிழ்ந்தார்கள். (அந்த இடம் அமையவில்லை, காரணம் வேறு.) ‘காத்திரு’ என்பதுதான் அந்தக் காலத்து மொத்த ஆலோசனையும். அதில் பொய் கலப்பு இல்லை. காத்திருந்தவர்களில் பலருக்கு ஆர்டர் வந்தது. வந்தபோது சிலர் தங்கள் பிள்ளையின் பி.எட். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தார்கள்.

பாடம் நடத்துவது பற்றிக் கேட்க வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சார்ட் கடைக்குப் போக வேண்டும். தவளையின் ஜீரண மண்டலம், இதயத்தின் குறுக்குவெட்டு, முதலாம் பானிப்பட்டுப் போர், எது வேண்டுமானாலும் வரைந்து கொடுக்கும் அந்தக் கடை அண்ணாச்சி பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் செய்முறைத் தேர்வுக்கு எந்த எக்ஸ்டர்னல் எந்தக் கல்லூரிக்கு வருகிறார், யாருக்கு எந்த நிறம் ஆகாது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. “இவரு போன வருஷம் சிவப்புல தலைப்புப் போட்ட பிள்ளையக் கேள்வி மேல கேள்வி கேட்டுட்டாரு. நமக்கு எதுக்கு வம்பு? பச்சை போட்டுருவோம்” என்பார். லெசன் பிளான் நோட்டு, மைக்ரோ டீச்சிங் ரெக்கார்டு, ஆல்பம், கேஸ் ஸ்டடி எல்லாவற்றுக்கும் அவரிடம் மாதிரி இருந்தது.

கேஸ் ஸ்டடி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பின்தங்கிய மாணவன் ஒருவனைத் தேர்ந்தெடுத்து, அவன் பிரச்சினையை ஆராய்ந்து, ஆலோசனை கூறி, முன்னேற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும். எங்கள் கல்லூரி ரெக்கார்டுகளில் ஒரே பையன் பல வருஷமாக எட்டாம் வகுப்பில் இருந்தான். அவன் அப்பா எப்போதும் குடித்தார். அம்மா எப்போதும் பீடி சுற்றினாள். அவனுக்குக் கணக்கு வராது, கபடி வரும். ஒவ்வொரு வருஷமும் பயிற்சி ஆசிரியரின் பரிவான அறிவுரையால் திருந்தி, காலாண்டில் எடுத்த மதிப்பெண்ணை அரையாண்டில் இரட்டிப்பாக்கினான். அடுத்த ஜூனில் மறுபடி எட்டாம் வகுப்பில் பின்தங்கி உட்கார்ந்திருந்தான்.

ரெக்கார்டின் முதல் பக்கத்தில் கோத்தாரி கல்விக் குழு அறிக்கையின் தொடக்க வரியை அழகாக எழுதிக் கட்டம் கட்டாதவர் கிடையாது. 1964 முதல் 1966 வரை உட்கார்ந்து அந்தக் குழு எழுதிய மற்றப் பக்கங்களைப் படித்தவரை நான் அங்கே சந்திக்கவில்லை.

கற்பித்தல் பயிற்சிக்கு ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் போட்டார்கள். அங்கே எனக்கு வழிகாட்டி ஆசிரியையாக வாய்த்த அம்மாவுக்கு அப்போதே ஓய்வு பெறும் வயது நெருங்கியிருந்தது. பார்சன்ஸையும் ராஜர்ஸையும் அவர் ஒரு காலத்தில் படித்திருக்கலாம், சௌகரியமாக மறந்திருந்தார். என் லெசன் பிளானை வாங்கி, திறந்த பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தார். “இது அவங்களுக்கு. பிள்ளைகளுக்கு என்ன கொண்டாந்திருக்க?” என்றார்.

பிறகு, ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் வேப்பமரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டே ஒன்றிரண்டு சொல்வார். சாக்பீஸைப் பாதியாக ஒடித்துக்கொள், கிறீச்சிடாது. போர்டில் எழுதியதும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து நீயே வாசித்துப் பார். கேள்வியை முதலில் கேள், கொஞ்சம் பொறு, அப்புறம் பெயரைச் சொல். பெயரை முதலில் சொன்னால் மற்ற அத்தனை பேரும் அந்த நிமிஷமே தூங்கிவிடுவார்கள். திங்கட்கிழமை முதல் பீரியடில் புதுப் பாடம் வேண்டாம், பாதிப் பேர் இன்னும் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள், உடம்பு வந்திருந்தாலும். அழுகிற பிள்ளையிடம் எல்லார் முன்னாலும் ஏன் என்று கேட்காதே. தண்ணீர் குடித்துவிட்டு வா என்று அனுப்பு, பின்னாலேயே நீயும் போ. சத்தம் போடுகிற வகுப்பில் நீ சத்தத்தைக் குறை. எவனாவது ஒருவன் உன்னை மிமிக்ரி செய்வான். அவன் நன்றாகச் செய்தால் உன் குறை என்ன என்று இலவசமாகத் தெரிந்துகொள்ளலாம்.

இவற்றில் ஒன்றைக்கூட எந்த எக்ஸ்டர்னலும் கேட்கவில்லை. எக்ஸ்டர்னல் வந்தார், சார்ட்டின் பச்சைத் தலைப்பைத் திருப்தியோடு பார்த்தார், போனார். கடையில் சொன்னது சரி. வேப்பமரத்தடியில் சொன்னது என் மதிப்பெண் பட்டியலில் எங்கேயும் ஏறவில்லை.

அப்புறம் நான் எம்.எட். போனேன். பேராசிரியரின் ‘ம்’மை அப்படித்தான் அர்த்தப்படுத்திக்கொண்டேன். எம்.ஃபில்., பிஎச்.டி. எல்லாம் முடித்து, வேறொரு கல்வியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆனேன். எம்ப்ளாய்மெண்ட் அட்டையை அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். பழக்கம்.

இப்போது நான் மென்டர். எனக்கு மென்ட்டிகள் இருக்கிறார்கள். கல்லூரிகளுக்கான நாக் தரமதிப்பீட்டில் ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மாணவர் என்ற விகிதத்தைக் கேட்கிறார்கள். விகிதம் சொன்னால் பதிவேடு காட்ட வேண்டும்; பதிவேடு காட்டினால் சந்திப்பு நடந்திருக்க வேண்டும். அந்த வரிசையில்தான் எங்கள் ஆலோசனைப் பணி தொடங்கியது. பதிவேட்டில் ரத்த வகை உண்டு, பொழுதுபோக்கு உண்டு, பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டங்கள் உண்டு. பலம்: கடின உழைப்பு. பலவீனம்: ஆங்கிலம். வாய்ப்பு: காலியாக விட்டிருப்பார்கள். அச்சுறுத்தல்: டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு. ஒருத்தி மட்டும் அச்சுறுத்தல் கட்டத்தில் ‘மாமியார்’ என்று எழுதி, பிறகு ஒயிட்னர் பூசி, அதன் மேல் ‘டெட்’ என்று எழுதியிருந்தாள். வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டும் தெரியும். அவளோடுதான் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பேசினேன். பேசியது பதிவேட்டில் இல்லை. ஆய்வுக் குழுவின் மேசையில் அடுக்கி வைக்கப்போகும் நோட்டில் யார் எதைச் சொல்வார்கள்? ரகசியம் காத்தல் என்ற பண்பை எங்கள் மாணவிகள் எதுவும் எழுதாமலே காத்துவிடுகிறார்கள்.

சேர்க்கை நாளில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வியே வேறு மாதிரி. “தினமும் வரணுமா மேடம்?” அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. 2000க்குப் பிறகு தனியார் கல்வியியல் கல்லூரிகள் முளைத்துப் பெருகி, 2008இல் அவற்றுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் வந்து, எண்ணிக்கை அறுநூறைத் தாண்டியபோது, வராமலே படிப்பதற்கு ஒரு கட்டணம், வந்து படிப்பதற்கு ஒரு கட்டணம் என்று சில இடங்களில் நடந்தது ஊரறிந்த சங்கதி. வராமல் படிப்பதற்குத்தான் கூடுதல். நான் “கண்டிப்பா வரணும்” என்று சொல்லும்போது, இந்தக் கல்லூரிக்கு இன்னும் விவரம் போதவில்லை என்று அவர்கள் பரிதாபப்படுவது முகத்தில் தெரியும்.

ஓராண்டாக இருந்த பி.எட். 2015-16 முதல் இரண்டாண்டு ஆயிற்று. நாங்கள் ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பள்ளியில் நின்றது போதாது, இரண்டாம் ஆண்டில் மட்டும் 16 வாரம் நிற்க வேண்டும் என்றார்கள். நியாயம்தான். ஓராண்டில் படித்த நாங்களெல்லாம் அரைவேக்காடு என்று அன்றைய கருத்தரங்குகளில் மறைமுகமாகச் சொல்லப்பட்டது. இப்போது, நான்காண்டுப் பட்டமோ முதுகலையோ முடித்தவர்களுக்கு ஓராண்டு பி.எட். திரும்ப வரலாம் என்கின்றன 2025இல் வெளியான வரைவு விதிகள். நாங்கள் மறுபடி வெந்துவிட்டோம்.

அந்த 16 வாரத்தில் பிள்ளைகள் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுகிறார்கள், லீவு போட்ட ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள், ஆண்டு விழாவுக்கு நடனம் சொல்லிக் கொடுக்கிறார்கள். மிச்ச நேரத்தில் பாடமும் நடத்துகிறார்கள். லெசன் பிளானைச் செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறது. சார்ட் கடை அண்ணாச்சியாவது எக்ஸ்டர்னலுக்குப் பிடித்த நிறத்தைக் கேட்டு எழுதினார். கேஸ் ஸ்டடி ரெக்கார்டுகளைத் திருத்தும்போது பழைய பையனைப் பார்த்தேன். இன்னும் எட்டாம் வகுப்புதான். கபடியை விட்டுவிட்டான், கைபேசிக்கு அடிமையாகிவிட்டான். அப்பா அப்படியே குடிக்கிறார்.

மென்ட்டிகள் கேட்கும் கேள்விகளுக்குப் பார்சன்ஸ் போதாது, அரசாணை வேண்டும். டெட் இரண்டாம் தாளுக்கு 150 மதிப்பெண். குழந்தை மேம்பாடு 30, தமிழ் 30, ஆங்கிலம் 30. மீதி 60க்குக் கணக்கும் அறிவியலும், இல்லையென்றால் சமூக அறிவியல். மூன்றாவது வழி கிடையாது. ஆகவே பி.ஏ. தமிழ் படித்து, தொல்காப்பியத்தில் ஊறிய பிள்ளை அட்சரேகை, தீர்க்கரேகை, கரிசல் மண், மொகலாயர் வரிசை என்று மனப்பாடம் செய்கிறாள். அக்பருக்கு அடுத்து யார் என்று தெரியாமல் போனால் ஏழாம் வகுப்புக்குத் திருக்குறள் நடத்தும் தகுதி போய்விடும். ஆங்கில இலக்கியம் படித்தவளுக்கும் இதே கதிதான். இருவரும் ஒரே அட்லஸை வைத்துக்கொண்டு படிக்கிறார்கள்.

கணினி அறிவியல் பட்டம் பெற்றவளின் கதை இன்னும் விசேஷம். பி.எட்.டில் அவளுக்குக் கணினி அறிவியல் கற்பித்தல் என்று தனிப் பாடமே உண்டு. டெட்டில் அவள் பாடம் கிடையாது. ஆறு முதல் பத்து வரை அரசுப் பள்ளியில் அந்தப் பாடத்துக்கென்று பணியிடமும் கிடையாது. எம்.எஸ்சி. முடித்தால் மேல்நிலை வகுப்புக்குப் பார்க்கலாம் என்று சொல்கிறேன். “அப்ப எங்களை ஏன் மேடம் சேத்தீங்க?” என்றாள். நான் ராஜர்ஸின் முறைக்குத் தாவி, “நீ என்னம்மா நினைக்கிற?” என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் நினைத்ததைச் சொல்லிவிடுவாள் என்று தெரியும்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை 2010 சட்டத்தில் வந்தது. 2020இல் திருத்தி, பட்டம் மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ்வழி வேண்டும் என்றார்கள். அதுவும் நியாயம்தான்; கல்லூரியில் மட்டும் தமிழ் மீடியத்துக்கு மாறிக்கொண்ட கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் என் மாணவி ஒருத்தியை அவள் அப்பா ஆசைப்பட்டு ஒன்றாம் வகுப்பில் மட்டும் இங்கிலீஷ் மீடியத்தில் போட்டார். ஃபீஸ் கட்ட முடியவில்லை. இரண்டாம் வகுப்பிலிருந்து பி.எட். வரை தமிழ்தான். ‘ரெயின் ரெயின் கோ அவே’ பாடிய அந்த ஒரு வருஷத்துக்காக அவளுக்குச் சான்று கிடைக்காது. இதற்கு நெறிசார்ந்த ஆலோசனை என்ன, நெறிசாராத ஆலோசனை என்ன என்று நோட்ஸில் இல்லை.

பெரிய கிளார்க்குக்கு ஒரு வசதி இருந்தது. ஜூனில் அவர் சொன்னது டிசம்பரிலும் சரியாக இருந்தது. எனக்கு அது வாய்க்கவில்லை. பதிவு மூப்பு என்றார்கள், தேர்வு என்றார்கள், மறுபடி மூப்புக்குப் போனார்கள், மறுபடி தேர்வுக்கு வந்தார்கள். 2012 ஜூலையில் நடந்த முதல் டெட்டில் ஆறரை லட்சத்துக்கு மேல் எழுதி 2,448 பேர் தேறினார்கள். மாநிலமே திகைத்தது. 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் போதாது என்று மூன்று மணி நேரமாக்கி அக்டோபரில் துணைத் தேர்வு வைத்தார்கள். பிளஸ் டூ, பட்டம், பி.எட். மதிப்பெண்களையெல்லாம் சேர்த்து வெயிட்டேஜ் என்று ஒன்று வந்தது. வந்த வழியே போனது. 2018இல், டெட் தேறிய பிறகு இன்னொரு போட்டித் தேர்வு என்று ஆயிற்று. டெட் சான்றிதழ் ஏழாண்டுதான் செல்லும் என்றார்கள், 2021இல் ஆயுள் முழுக்கச் செல்லும் என்றார்கள். பி.எட். முடித்தவர் தொடக்கப் பள்ளிக்கும் போகலாம் என்று 2018இல் அனுமதித்ததை, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நான் இப்போது எந்த ஆலோசனையையும் தேதி போட்டுத்தான் சொல்கிறேன். மருந்துச் சீட்டில் போடுவது வழக்கம்தானே.

பிள்ளைகளும் விவரமானவர்கள். என்னிடம் கேட்பார்கள், தலையாட்டுவார்கள், வெளியே போய் நான் சொன்னது சரிதானா என்று டெலிகிராமில் ‘அட்மின் அண்ணா’விடம் கேட்பார்கள். அந்த அண்ணா யார், எந்த ஊர், ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. புரொஃபைலில் அப்துல் கலாம் படம். அரசாணை வெளியாகி நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவர் அதற்குச் சுருக்கம், விளக்கம், ‘பயப்படாதீங்க நண்பர்களே’ என்ற குரல் பதிவு மூன்றையும் போட்டுவிடுகிறார். பெரிய கிளார்க்கின் இடத்தில் இன்றைக்கு உட்கார்ந்திருப்பவர் அவர்தான், நானில்லை. எம்ப்ளாய்மெண்டிலும் எல்லாரும் பதிந்துதான் வைத்திருக்கிறார்கள், ஆன்லைனில். ஏன் என்று கேட்டால், “எதுக்கும் இருக்கட்டும் மேடம்.”

அன்றும் சரி, இன்றும் சரி, வேலை எப்படி வாங்குவது என்று சொல்ல வழிநெடுக ஆள் இருந்தார்கள். வேலை கிடைத்த பிறகு திங்கட்கிழமை காலை அந்த அறைக்குள் என்ன செய்வது என்பதற்கு ஒரு வேப்பமரத்தடி அமைய வேண்டியிருக்கிறது.

என் பி.எட். தோழி ஒருத்தி அப்படி ஒரு வேப்பமரம் இப்போது. காத்திருந்து, தேர்வும் எழுதி, 2004இல் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, 2006இல் காலமுறை ஊதியம் பெற்று, இருபது வருஷமாகக் கணக்கு நடத்துகிறாள். நான் அனுப்பும் பயிற்சி மாணவர்களுக்கு அவள்தான் வழிகாட்டி ஆசிரியை. லெசன் பிளானைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் கலையும் அவளுக்குக் கைவந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது: ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால், இரண்டாண்டுக்குள் டெட் தேற வேண்டும். அன்று இரவே போன் செய்தாள்.

“ஏட்டி, ஒரு ரெண்டு மூணு வருஷம் முந்திப் பெத்திருந்தா எங்கம்மாவுக்கு என்ன கொறஞ்சிருக்கும்? நான் தப்பிச்சிருப்பேம்லா?”

அடுத்த வாரம் புத்தகம் வாங்கிவிட்டாள். மறுபடி போன்.

“வைகாட்ஸ்கி யாருட்டி? நம்ம காலத்துல இவன் கிடையாதே?”

“ரஷ்யாக்காரன். 1934லயே செத்துட்டான்.”

“செத்தவன் இப்ப எதுக்கு வாரான்?”

“சிலபஸ்ல இப்பத்தான் சேத்திருக்காங்க.”

சனிக்கிழமைகளில் எங்கள் கல்லூரியில் நடக்கும் டெட் வகுப்புக்கு வரச் சொன்னேன். என் பணிக்காலத்தில் நான் சொன்ன ஆலோசனைகளில் உடனடியாகச் செயல்படுத்தப்பட்டது இது ஒன்றுதான். வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பையன் எழுந்து நின்றுவிட்டான். பத்தாம் வகுப்பில் அவளிடம் கணக்குப் படித்தவன். இப்போது அவளுடைய பள்ளியிலேயே பயிற்சியில் இருப்பவன். திங்கள் முதல் வெள்ளி வரை அவன் நோட்டில் அவள் கையெழுத்துப் போடுகிறாள். சனிக்கிழமை அவன் நோட்ஸை அவள் ஜெராக்ஸ் எடுக்கிறாள். பியாஜேயின் நான்கு பருவங்களை ஞாபகம் வைத்துக்கொள்ள அவன் ஒரு குறுக்குவழி சொல்லிக் கொடுத்தான். கேள்வியை முதலில் கேட்டுவிட்டுப் பெயரை அப்புறம் சொல்லும்படி அவள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். இந்த இரண்டையும் மென்டர் பதிவேட்டில் யார் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குக் கட்டம் இல்லை.

ஒரு நாள் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: “டீச்சர், அப்ப இந்தப் பரீட்சை எழுதாமலேயா எங்களுக்குக் கணக்கு எடுத்தீங்க?”

“ஆமால. நீ நூத்துக்கு நூறு வாங்கினியே, அன்னைக்கே கேட்டிருக்கலாம்லா?”

நவம்பரில் இருவரும் எழுதினார்கள். தற்காலிக விடைக்குறிப்பு வந்ததும் சனிக்கிழமை வகுப்பு அதைச் சரிபார்க்கும் வகுப்பாக மாறியது. குழந்தை மேம்பாட்டுப் பகுதியில் ஒரு கேள்விக்கு இருவரும் ஒரே விடையைக் குறித்திருந்தார்கள். குறிப்பில் வேறு விடை இருந்தது. அட்மின் அண்ணா அதற்குள் ஆட்சேபம் தெரிவிப்பது எப்படி என்று குரல் பதிவு போட்டிருந்தார். கைடு, நோட்ஸ் எதுவும் ஆதாரமாகச் செல்லாது, தரமான பாடநூலின் பக்கத்தைத்தான் இணைக்க வேண்டும் என்று அதில் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

“ஏட்டி, நீதானே மென்டரு. உன்கிட்ட இருக்கும்லா?” என்றாள் தோழி.

அலமாரியைத் திறந்து மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை தேடினோம். எல்லாம் கைடு.